பெரிய எழுத்து வேதாகமம்: ஆறு மாதம் கையில் புரண்ட பிறகு

போன ஜூன் மாதம் மார்த்தாண்டத்தில் ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடையில் அம்மாவுக்காக இந்தப் பெரிய எழுத்து வேதாகமத்தை வாங்கினேன். பழைய மொழிபெயர்ப்பு, நம்ம சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைகளில் வாசிக்கிற அதேதான். கறுப்பு ரெக்சின் அட்டை, சுற்றி ஜிப், விலை 950 ரூபாய். வயதான அப்பா அம்மாவுக்கு வாங்கலாமா என்று யோசிக்கிறவர்களுக்காக, நல்லது கெட்டது இரண்டையும் எழுதுகிறேன்.

அம்மாவுக்கு 68 வயது. ஒரு கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இன்னொரு கண் பாக்கி. அந்தச் சமயத்தில்தான் மார்பில் கட்டி தெரிந்தது. எங்கள் குமரி மாவட்டத்தில் இப்படி வந்தால் நிறையப் பேர் திருவனந்தபுரம் ஆர்.சி.சி. என்ற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போவார்கள், நாங்களும் போனோம். சதை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நாட்களில் வீட்டில் யாரும் வாய்க்கு ருசியாகச் சாப்பிடவில்லை. அப்போது பார்க்க வந்த ஒரு சொந்தக்காரர், நல்லெண்ணத்தோடுதான், "விசுவாசம் இருந்தா பயம் வராது, பயந்தா அதுதான் அவிசுவாசம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றிலிருந்து அம்மா எங்கள் முன்னால் அழுவதை நிறுத்திவிட்டார். அடுக்களைக்குப் பின்னால் போய் அழுதார். நோயோடு குற்றவுணர்ச்சியும் சேர்ந்துகொண்டது. இப்போது நினைத்தாலும் எனக்கு அந்த வார்த்தை மேல் கோபம் வருகிறது.

கடையில் நான் முதலில் கேட்டது, அட்டைக்கு ஒரு வேத வசனம் அச்சடித்திருக்கிற வாக்குத்தத்த அட்டைப் பெட்டிதான். கடைக்கார அண்ணன் எடுத்துக் காட்டினார், பத்து அட்டையைப் புரட்டினால் மூன்றில் "பயப்படாதே". அந்த வசனங்களில் ஒரு குறையும் இல்லை, ஆனால் நடுங்கிக்கொண்டிருக்கிற ஒருத்தரின் கையில் அந்த ஒற்றை வரியை மட்டும் கொடுத்தால், வீட்டுக்கு வந்த சொந்தக்காரர் சொன்னதையே மறுபடியும் சொன்ன மாதிரி ஆகிவிடுமோ என்று தோன்றியது. சரி, முழுப் புத்தகத்தையே அம்மா படிக்கிற மாதிரி வாங்கிவிடலாம் என்று இதை எடுத்தேன்.

எழுத்துக்கு முழு மதிப்பெண். களியக்காவிளையில் மாறி தம்பானூர் பஸ்ஸில் ஏறினால், பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் என்று அந்த ரோட்டில் எவ்வளவு குலுக்கினாலும் கண்ணாடி இல்லாமலேயே அம்மா வரி பிசகாமல் வாசித்தார். புள்ளியும் ஒற்றும் தெளிவாக விழுந்திருக்கிறது. தாள் மெல்லிசு, வெயிலில் பிடித்தால் மறுபக்க எழுத்து தெரிகிறது, டியூப்லைட் வெளிச்சத்தில் தொந்தரவு இல்லை.

எடைதான் பிரச்சனை. வீட்டுத் தராசில் 1 கிலோ 700 கிராம் காட்டியது. கையில் டிரிப் ஏறிக்கொண்டிருக்கும்போது படுத்தபடி தூக்கிப் படிக்கவே முடியாது, மடியில் தலையணை வைத்து அதன்மேல்தான் வைக்க வேண்டும். அப்புறம் பைண்டிங். நாலாவது மாதத்தில் ஆதியாகமத்தின் முதல் சில தாள்கள் தையல் விட்டு வெளியே வந்தன. கடைக்குக் கொண்டுபோனேன், மாற்றித் தரவில்லை, நானே பசை வைத்து ஒட்டினேன். இந்த விலைக்கு அது சரியில்லை.

இனி அம்மாவுக்கு ஆறுதல் தந்த 56ஆம் சங்கீதத்துக்கு, வேதாகமத்தில் இருக்கிற அந்தப் பாட்டுக்கு, வருகிறேன். எதிரிகளான பெலிஸ்தர் காத்தூரில் பிடித்தபோது தாவீது பாடியது என்று தலைப்பிலேயே இருக்கிறது. மூன்றாம் வசனம்: "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." எத்தனையோ தடவை கேட்ட வசனம்தான். ஆனால் இவ்வளவு பெரிய எழுத்தில் ஒரு ராத்திரி அம்மா அதை விரல் வைத்து வாசித்துவிட்டு, "மக்கா, தாவீதும் பயந்திருக்காரு பாரு" என்றார். பயப்படாத நாளில் நம்புவேன் என்று அவர் எழுதவில்லையே. அதற்கப்புறம் அம்மா எங்கள் முன்னாலேயே அழுதார், ஜெபமும் பண்ணினார், இரண்டும் ஒரே நேரத்தில்.

அதே சங்கீதத்தில் எட்டாம் வசனத்தில், "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று வரும். துருத்தி என்றால் அம்மாவுக்குத் தெரிந்தது கொல்லன் உலையில் காற்று ஊதுகிற துருத்திதான். அதில் எப்படிக் கண்ணீரை வைப்பது? நானும் முழித்தேன். பிறகு எங்கள் சபை ஐயரிடம், அதாவது போதகரிடம், கேட்டோம், அந்தக் காலத்தில் தண்ணீர், திராட்சரசம் எல்லாம் சேர்த்து வைக்கிற தோல் பை என்று விளக்கினார். ஒரு சொட்டையும் தரையில் விடாமல் ஆண்டவர் பிடித்து வைக்கிறார் என்று புரிந்ததும் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். இந்த மொழிபெயர்ப்பு 1871இல் வந்தது, இதன் நடை எனக்கு உயிர், மாற்றவே வேண்டாம். ஆனால் முதியவர்களுக்கென்றே பெரிய எழுத்தில் போடும்போது கடைசியில் ஒரு பத்துப் பக்கம் அருஞ்சொற்களுக்குப் பொருள் கொடுத்திருக்கலாம். இதில் அது இல்லை. என் பெரிய குறை இதுதான்.

ஆஸ்பத்திரியில் பக்கத்துக் கட்டிலில், சின்னத்துறை என்ற கடற்கரை ஊர் அக்கா ஒருத்தர் இருந்தார், 2017 ஒக்கி புயலில் தம்பியைக் கடலுக்குக் கொடுத்தவர். அவர்கள் கத்தோலிக்கர், கையில் சின்ன எழுத்துத் திருவிவிலியம் (அவர்கள் வாசிக்கிற வேதாகமம்), அதனால் சாயங்காலம் அம்மாவுடைய புத்தகத்தை இரவல் வாங்கி வாசிப்பார். அம்மா அந்தச் சொந்தக்காரர் சொன்னதைச் சொன்னபோது அவர் சொன்னார்: "பயமில்லாத கடல்காரன் உண்டா அக்கா? பயந்துக்கிட்டேதான் சிலுவை போட்டுட்டு வள்ளத்துல ஏறுவாவ." எல்லாவற்றையும் இழந்து தவித்த யோபுவின் புத்தகத்தை வாசிக்கச் சொன்னதும் அவர்தான். அதோடு எங்கள் பக்கத்துத் தேவசகாயம் பிள்ளையின் கதையையும் சொன்னார். நட்டாலத்து நீலகண்டபிள்ளை மாடும் விளைச்சலும் போய் மனம் உடைந்திருந்த நேரத்தில், குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படையைச் சேர்ந்த டிலனாய் அவரிடம் சொன்னது யோபுவின் கதைதான். 1745இல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று தேவசகாயம் ஆனார், 1752இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள், 2022 மே மாதம் புனிதராக அறிவித்தார்கள். நாங்கள் சி.எஸ்.ஐ., எங்கள் வீட்டில் இதை அவ்வளவாகப் பேசுவதில்லை, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் நான் முழுசாகக் கேட்டேன். யோபு எவ்வளவு புலம்புகிறார் என்று இப்போதுதான் கவனித்தேன், மூன்றாம் அதிகாரம் முழுக்கப் புலம்பல். அம்மா அதை இரண்டு தடவை வாசித்தார்.

ஆபரேஷன் ஆகஸ்டில் முடிந்தது, மருந்து இன்னும் ஏறுகிறது, ஜனவரியில் ஸ்கேன். பயம் போய்விட்டதா என்றால் இல்லை, தேதி நெருங்க நெருங்க எனக்கே வயிறு கலங்குகிறது. ஆனாலும் இப்போது ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் ராத்திரி நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாசித்துவிட்டுத்தான் படுக்கிறோம்.

வாங்குகிறவர்கள் கடையிலேயே நடுப்பக்கத்தை விரித்துத் தையலைப் பார்த்து வாங்குங்கள். ரிப்பன் ஒன்றுதான் வைத்திருக்கிறார்கள், அது யோபுவில் கிடக்கிறது. 56ஆம் சங்கீதத்துக்கு அம்மா ஆஸ்பத்திரிச் சீட்டையே அடையாளமாக வைத்திருக்கிறார், ஒவ்வொரு தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் அதை அங்கிருந்துதான் எடுக்க வேண்டியிருக்கிறது.