ஆறு வருடமாக இடப்பக்கம் சாயும் என் படகு

போன வாரம் ஒரு நண்பர் போன் பண்ணினார். "நீ வச்சிருக்கிற அதே மாடல் ஒண்ணு விலைக்கு வருது. வாங்கலாமா வேண்டாமா, ஒரே வார்த்தையில சொல்லு." ஒரே வார்த்தையில் சொல்ல வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். 18 அடி ஃபைபர் படகு, பின்னால் வெளியே மாட்டிய ஒற்றை 115 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின். மற்ற விவரமெல்லாம் விளம்பரத் தாளிலேயே இருக்கிறது. அந்தத் தாளில் இல்லாத ஒரே விஷயம், இந்தப் படகு இடப்பக்கம் சாயும் என்பது.

முதல் வருடம் கவனிக்கவே இல்லை. டேஷ்போர்டில் எதை வைத்தாலும் இடது மூலைக்கே உருண்டு போகும், அலைதான் காரணம் என்று விட்டுவிட்டேன். இரண்டாம் வருடம் கரையேற்றிக் கழுவும்போது பக்கவாட்டில் படிந்திருந்த பாசிக்கோடு கண்ணில் பட்டது. இடப்பக்கக் கோடு வலப்பக்கத்தைவிட இரண்டு விரல் மேலே இருந்தது. நான்காம் வருடம் அதுவே நான்கு விரல். அதற்கப்புறம் எனக்கு வேறு எதுவுமே கண்ணில் படவில்லை. படகில் வந்தவர்கள் எல்லோரும் தண்ணீரை ரசித்துக்கொண்டு வருவார்கள், நான் மட்டும் அடிவானத்தோடு கண்ணாடிச் சட்டத்தை ஒப்பிட்டுக்கொண்டு கழுத்தைச் சாய்த்து உட்கார்ந்திருப்பேன்.

யாரைக் கேட்டாலும் பதில் தயாராக இருந்தது. ஒரு மெக்கானிக் "ப்ரொபெல்லர்தான்" என்று அடித்துச் சொன்னார், மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை. இன்னொருவர் ட்ரிம் டேப் (பின்முனையின் அடியில் இரண்டு பக்கமும் ஏற்றி இறக்கும் தகடு) போடச் சொன்னார், போட்டேன். ஓடும்போது இடது டேபைக் கொஞ்சம் இறக்கினால் அந்தப் பக்கம் தூக்கிக்கொடுக்கும், படகு நிமிர்ந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது என்று ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அந்த ஒரு வருடத்தைத்தான் இப்போது நினைத்தால் எரிச்சலாக வருகிறது, ஏனென்றால் டேப் வேலை செய்வது தண்ணீர் அதன் மேல் வேகமாக மோதும்போது மட்டும்தான். கட்டிப்போட்ட படகு அதே மாதிரி சாய்ந்துதான் கிடந்தது, நான் அதைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் படகில் இருந்தது ஒரு சாய்வு அல்ல, இரண்டு. ஓடும்போது வருவது ஒன்று, நிற்கும்போது இருப்பது ஒன்று. இது புரியவே எனக்கு நாலு வருடம் ஆயிற்று.

ஓடும்போது வருவதற்குப் படகின் மேல் குற்றமே இல்லை. பெரும்பாலான ஒற்றை எஞ்சின்களில் ப்ரொபெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் கடிகாரத் திசையில் சுற்றும், அதன் எதிர்விசை படகை இடப்பக்கம் புரட்டப் பார்க்கும். என் எஞ்சின் முழு வேகத்தில் 5,500 சுற்று, கியர் அதைப் பாதியாகக் குறைக்கிறது என்று வைத்துக்கொண்டால் ப்ரொபெல்லர் தண்டில் முறுக்குவிசை ஏறக்குறைய 300 நியூட்டன் மீட்டர். 80 கிலோ ஆள் ஒருவர் நடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் அடி இடப்பக்கம் தள்ளி உட்கார்ந்த கதைதான். ஓட்டுபவர் இருக்கையை வலப்பக்கம் வைப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு. நான் தனியாகப் போனால் கணக்கு நேராகிவிடும், இடப்பக்க இருக்கையில் இன்னொருவர் ஏறினால் மறுபடி சாயும்.

போதாததற்குக் காற்று வேறு. இந்த மாதிரி ஆழமான வி வடிவ அடிப்பாகம் உள்ள படகு பக்கவாட்டுக் காற்றில், நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, காற்று வரும் பக்கமே சாயும். காற்று தள்ளாமல் இருக்க நாம் ஸ்டீயரிங்கை அந்தப் பக்கம் பிடித்துக்கொண்டே இருக்கிறோம், படகு வளைவில் சாய்வது மாதிரி சாய்ந்துகொள்கிறது. போகும்போது ஒரு பக்கம் சாய்ந்து, அதே வழியில் திரும்பும்போது மறுபக்கம் சாய்ந்தால் அது காற்றின் வேலை. நான் இதைத் தெரியாமல் எத்தனை நாள் என்னென்னவோ குறித்து வைத்திருக்கிறேன், அந்த நோட்டைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கடைசியில் ஒரு விடியற்காலையில், காற்றே இல்லாதபோது, ஆள் யாரும் ஏறாமல் மரப்பாலத்திலிருந்து அளவு நாடா வைத்து அளந்தேன். பக்க விளிம்பிலிருந்து தண்ணீர் வரை, இரண்டு பக்கமும் பின்முனையிலிருந்து ஒரே தூரத்தில். முதல் தடவை கயிறுகளைத் தளர்த்த மறந்துவிட்டேன், இறுக்கிக் கட்டின கயிறே படகை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தது. தளர்த்திவிட்டு அளந்தபோது வித்தியாசம் 8 சென்டிமீட்டர்.

முதலில் டாங்க்கைச் சந்தேகப்பட்டேன். 100 லிட்டர் பெட்ரோல் என்பது 74 கிலோ, ஆனால் டாங்க் சரியாக நடுவில் இருந்தது, நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் சாய்வு மாறவில்லை. பேட்டரி மட்டும் தொழிற்சாலையிலிருந்தே இடப்பக்க மூலையில். 25 கிலோ. ஏன் அங்கே வைத்தார்கள் என்று கேட்டால் ஒயர் நீளம் மிச்சம் என்பதைத் தவிர எனக்கு வேறு காரணம் தோன்றவில்லை. நடுவுக்கு நகர்த்தினேன், 8 என்பது ஐந்தரை ஆயிற்று.

மீதி ஐந்தரை எங்கே? உள்ளே தண்ணீர் தேங்கியிருக்கும் என்று எல்லோரும் சொன்னார்கள். பில்ஜ், அதாவது அடித்தட்டில் தண்ணீர் சேரும் பள்ளம், காய்ந்து கிடந்தது. தவிர, தளும்புகிற தண்ணீராக இருந்தால் படகை வலப்பக்கம் அழுத்தும்போது அதுவும் கூடவே ஓடும். என்னுடையது எப்படி அழுத்திவிட்டாலும் அதே இடத்துக்கே வந்து நின்றது. ஆக எடை இருக்கிறது, அது நகராத எடை.

மரச்சுத்தியலை எடுத்துத் தரையை அங்குலம் அங்குலமாகத் தட்டினேன். வலப்பக்கம் முழுக்க "டக் டக்". இடப்பக்க இருக்கைக்குக் கீழே வந்ததும் "தொப்". கையளவு வட்டமாக வெட்டி உள்ளே கைவிட்டால் மிதப்புக்காக ஊற்றியிருந்த ஃபோம், அழுத்தினதும் விரலிடுக்கில் தண்ணீர் பிதுங்கி வந்தது. நாற்றம் இரண்டு நாள் கையை விட்டுப் போகவில்லை. உலர்ந்த ஃபோம் கன மீட்டருக்குச் சுமார் 32 கிலோதான், நான் தோண்டியெடுத்தது 60 லிட்டர் அளவு, நியாயமாக 2 கிலோகூட வராது. மூட்டை கட்டித் தராசில் வைத்தேன், 41 கிலோ.

இருக்கை ஸ்க்ரூ ஓட்டைகளில் யாரும் சீலன்ட் வைக்கவில்லை, மழைத் தண்ணீர் அதன் வழியே இறங்கியிருக்கிறது. இரண்டு பக்கமும்தான் இறங்கியிருக்கிறது. வலப்பக்க அறையில் வடிகால் துளை திறந்திருந்ததால் தண்ணீர் பில்ஜுக்கு வந்து வெளியே போய்விட்டது, இடப்பக்கத் துளையைக் கட்டைவிரல் அளவு ரெசின் (ஃபைபரை இறுகவைக்கும் பசை) கட்டி அடைத்திருந்தது. கட்டும்போது யாரோ துடைக்காமல் விட்ட ஒரு சொட்டு. அதற்காக நான் ஒரு ப்ரொபெல்லர், ஒரு ஜோடி ட்ரிம் டேப், நாலு வருட நிம்மதி எல்லாம் கொடுத்திருக்கிறேன். ஃபோமே இல்லாமல் விடவும் முடியாது, படகு தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பது அதனால்தான். பலகைகளாக வரும், தண்ணீரை எளிதில் உறிஞ்சாத மூடிய துளை ஃபோமை வெட்டி, அடியில் விரல் போகும் இடைவெளி விட்டு அடுக்கினேன்.

இப்போது வித்தியாசம் 1 சென்டிமீட்டர். அதுவும் எனக்குத் தெரிகிறது.

நியாயமாகச் சொன்னால், அலையை இது வெட்டிப்போகும் விதம் நான் ஏறின வேறெந்தப் படகிலும் இல்லை. ஆறு வருடத்தில் எஞ்சின் ஒரு நாள்கூட முதல் சாவிக்குக் கிளம்பாமல் இருந்ததில்லை. என்னுடையதை யார் கேட்டாலும் விற்க மாட்டேன். நண்பருக்குச் சொன்ன பதில், "வேண்டாம், வாங்காதே." அவர் விடுவதாக இல்லை, ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போகிறாராம். நானும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன், மரச்சுத்தியலோடு. இடப்பக்க இருக்கைக்குக் கீழே தட்டிப் பார்த்துவிட்டுத்தான் மற்ற பேச்சு.