உண்ணி கடித்தால் எடுப்பது எதனால்: ட்வீசரா, கொக்கியா, மண்ணெண்ணெயா?

கூர்முனை ட்வீசர்தான் எங்கள் தேர்வு. உண்ணியின் வாயமைப்பைத் தெரிந்துகொண்டால் ஏன் என்று புரியும். பின்னோக்கிச் சாய்ந்த முட்கள் கொண்ட ஊசி போன்ற உறுப்பை அது தோலுக்குள் இறக்கும். பல இனங்கள் பசை போன்ற சுரப்பையும் விட்டு இறுக்கிக்கொள்ளும். அதைச் சீண்டிப் பயனில்லை, இழுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ட்வீசர் முனையைத் தோலை ஒட்டி வைத்து, தலைப்பக்கத்தைப் பிடியுங்கள். முறுக்காமல், வெடுக்கென்று பிடுங்காமல், ஒரே சீரான விசையில் நேர்மேலே இழுங்கள். தோல் கூடாரம்போல் எழும்பும். அப்படியே சில விநாடி பிடித்திருந்தால் விட்டுவிடும். புருவம் திருத்தும் அகலமுனை ட்வீசர் வேண்டாம். அது வயிற்றை நசுக்கும், உள்ளிருக்கும் திரவம் கடிவாய்க்குள் போகலாம்.

பிளவுள்ள பிளாஸ்டிக் கொக்கியைப் பக்கவாட்டில் செருகிச் சுழற்ற வேண்டும். இரத்தம் குடித்து உப்பிய உண்ணிக்கு அது அருமையான கருவி. ஆனால் 1957-ல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் கண்டறியப்பட்ட வைரஸ் நோயான கியாசனூர் வனக் காய்ச்சலை மனிதருக்குப் பெரும்பாலும் பரப்புபவை இளம் உண்ணிகள். அவ்வளவு சிறியது கொக்கியின் பிளவில் நழுவிவிடும். காட்டோரம் வேலை செய்பவர்கள் ட்வீசரையே வைத்திருக்கட்டும்.

மண்ணெண்ணெய், சுண்ணாம்பு, வாசலின், தீக்குச்சி எதுவும் வேண்டாம். வாசலின், நகப்பூச்சு, ஸ்பிரிட், சூடான தீக்குச்சி நான்கையும் சோதித்த 1985-ஆம் ஆண்டு ஆய்வில் எதற்கும் உண்ணி விடவில்லை. மணிக்குச் சில முறையே மூச்சுவிடும் உயிரை மூடி மூச்சடைக்க வைப்பது எப்படி? காத்திருக்கும் நேரம் முழுவதும் அது எச்சிலை இறக்கிக்கொண்டே இருக்கும். உண்ணி பரப்பும் பாக்டீரியா நோயான லைம் நோயின் கிருமி தொற்றப் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஆகும். வைரஸ்களுக்கு அந்த அவகாசத்தை நம்பக் கூடாது. ட்வீசர் கைவசம் இல்லையென்றால் காகிதம் சுற்றிய விரலாலாவது உடனே எடுங்கள்.

ஆஸ்திரேலியாவில் மட்டும் வழி வேறு. அங்குள்ள பக்கவாத உண்ணியின் எச்சில் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமையைத் தூண்டக்கூடும் என்பதால், ஈதர் கலந்த ஸ்பிரேயால் அதைக் கடித்த இடத்திலேயே உறையவைத்துக் கொல்கிறார்கள்.

வாய்முள் தோலில் கரும்புள்ளியாகத் தங்கினால் குடையாதீர்கள், தோலே வெளியே தள்ளிவிடும். கடிவாயைச் சோப்பால் கழுவி ஸ்பிரிட் தடவுங்கள். உண்ணியை நகத்தால் நசுக்காமல் டேப்பில் ஒட்டி மூடுங்கள். தேதியைக் குறித்துவையுங்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ தடிப்போ வந்தால், உண்ணி கடித்ததை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.