ரூட்கேஜட்: புதிய ஓரியண்டீரிங் ஓட்டக்காரர்களுக்கு எவ்வளவு உதவும்?

ஓரியண்டீரிங் என்பது வரைபடமும் திசைகாட்டியும் கொண்டு, குறிக்கப்பட்ட இடங்களை (கண்ட்ரோல்களை) வரிசையாகத் தேடி ஓடும் விளையாட்டு. ஓட்டம் முடிந்ததும் கையில் கிடைக்கும் ஸ்ப்ளிட் சீட்டில், அதாவது ஒவ்வொரு கண்ட்ரோலுக்கும் ஆன நேரப் பட்டியலில், ஐந்தாவது கண்ட்ரோலுக்கு 5 நிமிடம் ஆனது என்று இருக்கும். அந்த 5 நிமிடம் காட்டில் எந்த இடத்தில் போனது என்று இருக்காது. அதைக் கண்டுபிடிக்கத்தான் ரூட்கேஜட். பின்லாந்தில் பிறந்த இந்த இணையச் செயலியைப் பிரிட்டனின் பல கிளப்புகள் இலவசமாகத் திறந்து வைத்திருக்கின்றன. ஜிபிஎஸ் கடிகாரம் இல்லாதவருக்கும் பயன்படும் என்பதே இதன் பெரிய பலம்.

நிகழ்வு, தடம், உங்கள் பெயர் மூன்றையும் தேர்ந்தெடுத்துவிட்டு, திரையில் வரும் வரைபடத்தில் போன வழி நெடுகக் கிளிக் செய்துகொண்டே போக வேண்டும். கண்ட்ரோலுக்கு அருகில் வந்ததும் கோடு அதில் ஒட்டிக்கொண்டு அடுத்த லெக்குக்கு (இரு கண்ட்ரோல்களுக்கு இடைப்பட்ட பகுதிக்கு) நகரும். நின்று வரைபடம் பார்த்த இடங்களில் ‘+3 விநாடி’ பொத்தானை அழுத்துங்கள். அழுத்தாவிட்டால் லெக்கின் மொத்த நேரமும் கோடு முழுக்கச் சமமாகப் பரவிவிடும். கண்ட்ரோலைத் தேடி அலைந்த 2 நிமிடம் வெறும் மெதுவான ஓட்டமாகத் தெரியும். அலைந்த சுற்றையும் வெட்கப்படாமல் வரையுங்கள், பாடம் அதில்தான் இருக்கிறது.

கடிகாரம் இருந்தாலும் முதலில் நினைவிலிருந்து வரைந்துவிட்டு, பிறகு கடிகாரம் பதிந்த வழி இருக்கும் ஜிபிஎக்ஸ் கோப்பை ஏற்றுங்கள். இரண்டு கோடுகளும் பிரியும் இடத்தில்தான் வரைபடத்தில் எங்கே இருக்கிறோம் என்பதைத் தவறவிட்டிருக்கிறீர்கள். சின்னச் சின்ன விலகல்களைப் பொருட்படுத்த வேண்டாம்: 1:10,000 வரைபடத்தில் 1 மி.மீ. என்பது 10 மீட்டர், அடர்ந்த மரங்களுக்கடியில் ஜிபிஎஸ் பிழையே அவ்வளவு வரும்.

முதலிடம் பிடித்தவரின் நேரத்தை அளவுகோலாக மட்டும் வையுங்கள். வழக்கமாக அவரைப் போல ஒன்றரை மடங்கு நேரம் எடுப்பவர், அவர் 2 நிமிடத்தில் முடித்த லெக்கை 3 நிமிடத்தில் முடிக்க வேண்டும். 5 ஆகியிருந்தால் 2 நிமிடம் பிழையால் போயிருக்கிறது. கண்ட்ரோலை விட்டுக் கிளம்பும்போதே கோடு தவறான பக்கம் போனால் திசைகாட்டியைப் பார்க்கவில்லை. கடைசி 100 மீட்டரில் சுற்றினால் அட்டாக் பாயிண்ட் (கண்ட்ரோலுக்கு அருகில் எளிதில் அடையாளம் தெரியும் இடம்) வைத்துக்கொள்ளவில்லை. தாண்டிப் போயிருந்தால், பின்னால் இருக்கும் வேலியையோ ஓடையையோ முன்கூட்டியே குறித்துக்கொள்ளவில்லை. வழித் தேர்வைப் படிக்க, உங்கள் வேகத்தில் ஓடும் இருவரோடு ‘மாஸ் ஸ்டார்ட்’ முறையில் (எல்லோரும் ஒன்றாகக் கிளம்பியதுபோல) திரையில் ஓடவிட்டுப் பாருங்கள்.

பிரிட்டனில் தொடக்கநிலையினருக்கான வெள்ளை, மஞ்சள் தடங்களில் கண்ட்ரோல்கள் பாதையை ஒட்டியே இருப்பதால் அங்கே பயன் குறைவு. அடுத்த நிலையான ஆரஞ்சு தடத்திலிருந்துதான் இது உழைப்புக்கு ஈடு கொடுக்கும். கிளப் வரைபடத்தை ஏற்றச் சில நாள் ஆகலாம். அதுவரை நினைவு தாங்காது, அன்று மாலையே காகித வரைபடத்தில் பேனாவால் வரைந்து வைத்துவிடுங்கள்.