பரண் கொட்டகையா, மண்தரைக் கொட்டகையா? வானிலையைக் கேட்டால் வேறு பதில்

ராத்திரி முழுக்க மழை அடித்த மறுநாள் காலையில், ஆடுகளைத் தரைக்கு மேலே உயர்த்திய பலகைத் தளத்தில் அடைக்கும் பரண் கொட்டகைக்கும் மண்தரைக் கொட்டகைக்கும் உள்ள வித்தியாசம் கதவைத் திறக்கும் முன்பே மூக்கில் ஏறிவிடும். மண்தரைக் கொட்டகையில் சாரலில் நனைந்த கூளமும் மூத்திரமும் சேர்ந்து, அம்மோனியா நெடி கண்ணைக் கரிக்கும். பரணில் புழுக்கையெல்லாம் பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்திருக்கும். ஆடுகள் காய்ந்த பலகையில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருக்கும்.

இரண்டிலும் வேலை பார்த்திருக்கிறேன். எது நல்லது என்று கேட்பவர்கள் பெரும்பாலும் கட்டும் செலவைத்தான் பார்க்கிறார்கள். கட்டிய பிறகு தினமும் நம் முதுகு கொடுக்கும் விலையை யாரும் கேட்பதில்லை.

மழைக்காலத்தில் பரணுக்கு ஈடு கிடையாது. மண்தரை என்றால் ஈரக் கூளத்தை அள்ளி, சுண்ணாம்புத் தூள் தூவி, காய்ந்த கூளம் பரப்பி, தண்ணீர் உள்ளே வராமல் வாய்க்கால் வெட்டிவிட்டு நிமிர்வதற்குள் காலை போய்விடும். ஒருநாள் சோம்பல்பட்டால் ஈரத் தரை குட்டிகளுக்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும், பெரிய ஆடுகளுக்குக் குளம்பு அழுகலைக் கொண்டுவரும். பரணில் ஒரு துடைப்பம் போதும்.

ஆனால் பரண் கட்டிவிட்டால் மழைக்காலக் கவலையே தீர்ந்தது என்று நினைக்கவேண்டாம். ஆட்டின் வயிற்றில் ரத்தம் குடிக்கும் புழுவின் முட்டை, புழுக்கையோடு கீழே விழுந்து, வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் தொற்றக்கூடிய இளம்புழு ஆகிவிடும். அது ஈரப் படலத்தைப் பிடித்துப் புல்லில் ஏறும். பெரும்பாலும் அடிப்புல்லில்தான் இருக்கும். அதனால் பனி காய்ந்த பிறகு மேய்ச்சலுக்கு விடுவதும், புல்லை ஒட்டக் கடிக்கும்வரை ஒரே இடத்தில் விடாமல் இருப்பதும் எந்தக் கொட்டகைக்காரருக்கும் பொது. பரணிலேயே தீவனத்தை வெட்டிப்போட்டு வளர்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. மழை நாட்களில் கீழ் இமையை இழுத்துப் பார்ப்பதையும் அன்றாட வேலையாக்கிக்கொள்ளுங்கள். சிவப்பாக இருந்தால் சரி, வெளுத்திருந்தால் புழு ரத்தத்தை உறிஞ்சியிருக்க வாய்ப்பு அதிகம். இமையின் நிறத்தை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகவே தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான் ஐந்து நிறங்கள் கொண்ட ஃபமாச்சா அட்டை.

மழையால் ஒரு லாபமும் உண்டு. வெயிலில் கத்தியை எதிர்த்து நிற்கும் குளம்பு, இரண்டு நாள் ஈரத்தில் ஊறிய பின் பென்சில் சீவுவதுபோல வரும். பரண் ஆடுகள் கரடுமுரடான தரையில் நடப்பது குறைவு, குளம்பு தேயாமல் வளர்ந்துகொண்டே போகும். அவற்றுக்குக் குளம்பு சீவும் வேலை அடிக்கடி வரும்.

வெயில் காலத்தில் மண்தரை முந்துகிறது. மதியம் ஆடு மண்ணைக் காலால் சுரண்டி, அடியில் இருக்கும் குளிர்ச்சியில் வயிற்றை வைத்துப் படுப்பதைப் பாருங்கள். பரணில் அடியிலிருந்து காற்று வரும், உண்மைதான். ஆனால் தலைக்கு மேலே தகரக் கூரை தாழ்வாக இருந்தால் அந்தக் காற்றும் அனல்தான். மற்றபடி வேலை இரண்டிலும் ஒன்றே: தண்ணீரை நிழலில் வைத்து அடிக்கடி மாற்றவேண்டும், தீவனத்தை அதிகாலைக்கும் மாலைக்கும் தள்ளவேண்டும். இரைப்பையில் தீவனம் செரிக்கும்போதே உடம்பில் சூடு உண்டாகும் என்பதால் உச்சி வெயிலில் வயிறு நிறையப் போடுவது ஆட்டுக்குத் தண்டனை. பரணுக்கடியில் சேர்ந்த எருவை அள்ள இதுதான் சரியான நேரம். மழை வரும்வரை விட்டால் ஈ மொய்க்கும், மண்வெட்டியும் கனக்கும்.

குளிரும் குட்டி ஈனும் காலமும் சேர்ந்து வந்தால் நான் பரணை நம்பமாட்டேன். ஒருமுறை பின்னிரவில் பிறந்த குட்டி ஒன்று, பின்னங்கால் பலகை இடுக்கில் சிக்கி, உடம்பு இன்னும் ஈரம் காயாமல், அடியிலிருந்து வீசும் காற்றில் நடுங்கிக்கொண்டிருந்தது. பெரிய ஆட்டுக்குச் சரியான இடைவெளி குட்டியின் காலுக்குப் பொறி. சாக்கால் துடைத்து, மடியில் வைத்துச் சூடேற்றி, சீம்பால் ஊட்டிய பிறகுதான் எழுந்து நின்றது. ஆழமாகப் போட்ட கூளம் அடியில் மக்கும்போது தானே சூடு தரும். மேலே உலர்ந்த கூளம் சேர்த்துக்கொண்டே வந்தால் குட்டிக்கு மெத்தைதான். பரணில் இதற்குச் சாக்கு விரிக்கவேண்டும், ஆட்டின் உயரம்வரை தார்ப்பாய் கட்டவேண்டும், நெடி வெளியேற மேலே திறந்துவிடவேண்டும். தினமும் அந்தச் சாக்கைக் காயவைக்கும் வேலை தனி.

சரி, எதைக் கட்டுவது? மழை நாட்கள் அதிகம் என்றால் பரண்தான், ஆனால் ஒரு ஓரத்தில் ஈனும் ஆடுகளுக்கென்று மூன்று பக்கம் அடைத்த மண்தரை அறை விட்டுக் கட்டுங்கள். வறண்ட நிலம் என்றால் மண்தரையே போதும், மிச்சமாகும் காசைக் கூரையை உயர்த்துவதில் போடலாம்.

அப்புறம், பரண் கட்டுபவர்கள் பலர் மறக்கும் ஒன்று ஏறும் சாய்பலகை. மழையில் அது பாசி பிடித்து வழுக்கும், சினையாடு அதில் சறுக்கினால் குட்டி தங்காமல் போகலாம். முதல் மழைக்கு முன்பே ஒரு சாணுக்கு ஒரு குறுக்குச் சட்டம் அடித்துவிடுங்கள்.