தாழ்த்திய காருக்கு 17-ஆ, 18-ஆ? இரண்டையும் மாட்டிப் பார்த்தவனின் கணக்கு

ஸ்பிரிங்கை மாற்றிக் காரை 35 மி.மீ. இறக்கிய கையோடு 18 அங்குல அலாய் சக்கரம் வாங்கி மாட்டினேன். ஒன்றரை வருஷம் கழித்து அதைக் கழற்றிப் போட்டுவிட்டு 17-க்கு வந்துவிட்டேன். பொதுவாக எல்லோரும் 16-லிருந்து 17, 17-லிருந்து 18 என்று ஏறிக்கொண்டே போவார்கள். நான் இறங்கியவன். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை ஒளிக்கப் போவதில்லை.

காரோடு வந்தது 205/55 ஆர்16 டயர் (205 என்பது டயரின் அகலம் மி.மீ.-இல், 55 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச் சுவரின் உயரம், 16 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில்), 6.5 அங்குல அகல ரிம், ஆஃப்செட் 50 (இதன் அர்த்தம் பின்னால் வருகிறது). முதலில் மாற்றியது 225/40 ஆர்18 டயர், 8 அங்குல ரிம், ஆஃப்செட் 35. இப்போது இருப்பது 225/45 ஆர்17 டயர், 7.5 அங்குல ரிம், ஆஃப்செட் 45.

ஆரம்பத்தில் நான் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. சக்கரத்துக்கும் அதற்கு மேலே வளைந்திருக்கும் தகரமான ஃபெண்டருக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அடைக்கத்தானே பெரிய ரிம் என்று நினைத்தேன். இடைவெளியைத் தீர்மானிப்பது ரிம் இல்லை, டயரின் மொத்த விட்டம். பழைய 16-க்கு அது சுமார் 632 மி.மீ., 17-க்கு 634, 18-க்கு 637. அதாவது 17-க்கும் 18-க்கும் ஃபெண்டர் பக்கம் வித்தியாசம் ஒன்றரை மி.மீ.! இடைவெளியை அடைத்தது ஸ்பிரிங்தான். அந்த வேலை ஏற்கெனவே முடிந்துவிட்டது. 18 போட்டதால் எனக்குக் கூடுதலாகக் கிடைத்தது உலோகம், குறைந்தது ரப்பர். ஸ்பீடோமீட்டர் கணக்கும் அப்படித்தான், இரண்டிலுமே ஒரு சதவீதத்துக்குள்தான் மாறுகிறது. கவலைப்பட ஒன்றுமில்லை.

உரசும் பிரச்சினைக்கு வருவோம். இதில் பலரும் அங்குலத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். குற்றவாளி பெரும்பாலும் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து அச்சில் பொருந்தும் முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கமாகத் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் குறையக் குறைய சக்கரம் வெளியே வரும். பழைய ரிம்மோடு ஒப்பிட்டால் என் 17-இன் வெளி விளிம்பு ஏறக்குறைய 18 மி.மீ. வெளியே வந்தது. 18-இன் விளிம்போ 34 மி.மீ. உள்பக்கம் முறையே 8, 4 மி.மீ. கூடியது, ஷாக் அப்சார்பரில் இடிக்காமல் இரண்டும் தப்பித்தன.

தனியாக ஓட்டும்போது 18 எங்கேயும் உரசவில்லை. பின்சீட்டில் மூன்று பேர், டிக்கி நிறையப் பெட்டிகள் என்று ஒரு நாள் கிளம்பியபோது, முதல் வேகத்தடையிலேயே பின்னாலிருந்து ‘சர்ர்க்’. இறங்கிப் பார்த்தால் டயரின் தோளில் சுற்றிலும் கத்தியால் கீறியதுபோல ஒரே நேர்க்கோடு. ஃபெண்டரின் உள்மடிப்பில் பெயின்ட் உரிந்து தகரம் பளபளத்தது. அந்த மடிப்பைச் சூடாக்கி உருளை வைத்து உள்ளே மடக்கினார்கள். சத்தம் நின்றது, ஆனால் மடிந்த இடத்தில் பெயின்ட் மெல்லிசாக வெடித்து, மழைக்காலம் முடிவதற்குள் துரு எட்டிப் பார்த்தது. 17-க்கு இந்தச் சடங்கு எதுவும் தேவைப்படவில்லை. நியாயமாகச் சொன்னால் இது 18-இன் குற்றம் இல்லை, நான் எடுத்த ஆஃப்செட்டின் குற்றம். 45 எடுத்திருந்தால் வெளிப்பக்கம் 10 மி.மீ. மிச்சமாகியிருக்கும், உள்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று மட்டும் முதலில் அளந்திருக்க வேண்டும். சிறுபிள்ளைகள் விளையாடும் களிமண்ணை ஃபெண்டருக்கு உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் லைனரிலும் ஷாக் அப்சார்பர் பக்கமும் ஒட்டிவிட்டு, ஆளை ஏற்றி மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எங்கே நசுங்குகிறதோ அங்கே இடமில்லை. செலவில்லாத வழி.

என்னை 17-க்குத் திருப்பியது இதெல்லாம் இல்லை. சைடுவால்.

ரிம் விளிம்புக்கும் தரைக்கும் நடுவே உள்ள ரப்பர் சுவரின் உயரம் பழைய டயரில் கிட்டத்தட்ட 113 மி.மீ. 225/45-இல் 101. 225/40-இல் 90. பதினோரு மி.மீ.தானே என்று தோன்றும். சாதாரண உயரத்தில் இருக்கும் காராக இருந்தால் நானும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் காரை 35 மி.மீ. இறக்கும்போது, சஸ்பென்ஷன் மேலே அமுங்க இருந்த தூரத்தில் அந்த 35 மி.மீ. போய்விடுகிறது. பள்ளத்தில் விழுந்தால் ஷாக் அப்சார்பர் சீக்கிரமே பம்ப் ஸ்டாப் என்ற தடுப்பு ரப்பரில் போய் முட்டும். அது அமுங்கிய பிறகு மிச்சமிருக்கும் ஒரே மெத்தை சைடுவால்தான். அப்படிப் பார்த்தால் தாழ்த்திய காருக்குத்தான் ரப்பர் அதிகம் வேண்டும். நாமோ ஸ்பிரிங்கிலும் குறைத்து, டயரிலும் குறைக்கிறோம்.

ஒரு மழை இரவு, தண்ணீர் மூடியிருந்த பள்ளத்தில் முன்சக்கரம் இறங்கி ‘டங்’ என்றது. காலையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன், வெளியே ஒரு கீறல்கூட இல்லை. ஒரு வாரத்தில் 80 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்க ஆரம்பித்தது. பேலன்சிங் மெஷினில் மாட்டிச் சுற்றவிட்டபோதுதான் தெரிந்தது: உள்பக்க விளிம்பு நெளிந்து ஆடுகிறது. நாம் பார்ப்பதெல்லாம் சக்கரத்தின் முகத்தைத்தான். அடி விழுவது பெரும்பாலும் பின்னால், ஆரக்கால்களின் தாங்கல் இல்லாத அந்த உள் விளிம்பில். அங்கே நெளிந்தால் டயர் சரியாக உட்காராது. நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று இறங்கும். காற்று இறங்கிய சைடுவால் அடுத்த பள்ளத்தில் இன்னும் சுலபமாக நசுங்கும், ரிம் இன்னும் பலமாக அடிபடும். சங்கிலித் தொடர்.

அதே சக்கரத்தின் டயரில், சைடுவாலில் பெருவிரல் நுனி அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே நூலிழைகள் அறுந்துவிட்டன என்று அர்த்தம். பஞ்சர் மாதிரி ஒட்டிச் சரிசெய்ய முடியாது. ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத டயரானாலும் தூக்கிப் போட வேண்டியதுதான். ரிம்மைச் சூடாக்கி அழுத்தி நிமிர்த்தித் தருவார்கள். நெளிவு சிறிதாக இருந்தால் சரி. விரிசல் விட்டதை வெல்டிங் வைத்து ஓட்டும் துணிச்சல் எனக்கில்லை.

ஒன்றரை வருஷத்தில் 18-க்கு இரண்டு ரிம் நெளிந்தது, மூன்று டயரில் கொப்புளம். 17-க்கு மாறி இரண்டு வருஷம் ஓடிவிட்டது. ஒரே ஒரு சின்ன நெளிவு. போகும் பாதை அதேதான். ஆனால் அடிபட்டுத் திருந்திய நான் இப்போது மெதுவாகப் போகிறேன் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். எல்லாப் புண்ணியமும் 17-க்கே என்று சொல்ல மாட்டேன்.

18-க்கு அழகு இருக்கிறது, மறுக்கவில்லை. வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியவுடன் மூக்கு திரும்பும் அந்தச் சுறுசுறுப்பும் ஒரு பிடி அதிகம்தான். பெரிய பிரேக் மாட்டியிருந்தால் 17 உள்ளே நுழையாமலும் போகலாம்; அப்போது பேச்சே இல்லை, 18தான்.

எதை எடுத்தாலும் டயரின் எடைக் குறியீட்டைப் பாருங்கள். பழைய டயரில் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ. 225/40 ஆர்18 சாதாரண ரகத்தில் 88, அது 560 கிலோதான். கூடுதல் எடை தாங்கும் எக்ஸ்எல் ரகம் 92, அதாவது 630 கிலோ. பழையதைவிடக் குறைந்த குறியீட்டைக் கடைக்காரர் நீட்டினால் திருப்பிக் கொடுங்கள். எக்ஸ்எல் அந்த எடையைத் தாங்க காற்றும் கூடுதலாக வேண்டும். அதனால் பயணம் இன்னும் கொஞ்சம் இறுகும். சக்கரத்தின் நடு ஓட்டை காரின் அச்சைவிடப் பெரிதாக இருந்தால் நடுவளையம் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் வரும் நடுக்கத்தைப் பேலன்சிங்கில் தேடிக் காலத்தை வீணாக்குவார்கள்.

உள்பக்கத் தேய்மானம் இரண்டுக்கும் பொது. இறக்கிய காரில் சக்கரத்தின் தலை உள்ளே சாயும். அந்தச் சாய்வைவிட டயரை வேகமாகத் தின்பது டோ கோணம்தான், அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு. ஸ்பிரிங் மாட்டிச் சில வாரம் ஓடி, உட்கார்ந்த பிறகு அலைன்மென்ட் பாருங்கள். 19-ஐ நான் ஓட்டியதில்லை. விட்டத்தை மாற்றாமல் 19-க்குப் போனால் சைடுவால் 80 மி.மீ. பக்கம் வரும் என்ற கணக்கே எனக்குப் போதுமானதாக இருந்தது. அகலமான ரிம்மில் ஒல்லி டயரை இழுத்து மாட்டும் பாணியில், அடியைத் தாங்க ரிம்முக்கு வெளியே ரப்பரே இருக்காது. அதை நான் தொடவே இல்லை.

பழைய 18-ஐ விற்கப் போட்டபோது வந்தவர் விவரமானவர். முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒவ்வொன்றாகக் கவிழ்த்துப் போட்டு உள் விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். மூன்றாவதில் விரல் நின்றது. இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். மீதி இரண்டும் இன்னும் என் வீட்டுச் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன, அழகான முகத்தைக் காட்டிக்கொண்டு.