பயாஸ் செத்த மடிக்கணினி: பென்டிரைவா, புரோகிராமரா?

பயாஸ் (கணினியை முதலில் எழுப்பும் மென்பொருள்) புதுப்பிப்பு பாதியில் நின்று, விசிறி மட்டும் சுழன்று, திரை கறுப்பாகவே கிடந்தால் முதலில் பென்டிரைவை எடுங்கள். பயாஸ் பதிந்திருக்கும் சில்லின் துவக்கப் பகுதி பிழைத்திருந்தால்தான் இது எடுபடும். ஆனாலும் திருகாணியைத் தொட வேண்டியதில்லை. பென்டிரைவை எஃப்ஏடி32-இல் ஃபார்மேட் செய்து, தயாரிப்பாளர் சொன்ன பெயரிலேயே பயாஸ் கோப்பை அதில் வைத்து, கணினியில் செருகுங்கள். எச்பி கணினிகள் பலவற்றில் விண்டோஸ், பி விசைகளை அழுத்திப் பிடித்தபடி இயக்க வேண்டும். டெல் கணினிகள் பலவற்றில் கன்ட்ரோல், எஸ்கேப்பை அழுத்தியபடி சார்ஜரைச் செருக வேண்டும். பிறகு பொறுமை, திரை இருண்டிருந்தாலும் வேலை நடந்துகொண்டிருக்கலாம்.

துவக்கப் பகுதியே அழிந்திருந்தால் சில்லில் நேரடியாக எழுதும் சிஎச்341ஏ புரோகிராமர் என்ற கருவிதான் கதி. இதில் அவசரக்காரர்களுக்கு இடமில்லை. சார்ஜரையும் பேட்டரியையும் கழற்றிவிட்டு, எட்டுக் கால் சில்லின் மூலையில் உள்ள புள்ளியைத் தேடுங்கள். அதுதான் முதல் கால், சில்லைக் கவ்வும் கிளிப்பின் சிவப்பு வயர் அங்கே வர வேண்டும். சில்லு 1.8 வோல்ட் வகையா என்று அதன் மேல் உள்ள எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள். அப்படியானால் மின்னழுத்தத்தைக் குறைக்கும் 1.8 வோல்ட் அடாப்டர் இல்லாமல் தொடாதீர்கள், கருகிவிடலாம். எழுதும் முன் சில்லில் உள்ளதை இருமுறை படித்து, இரண்டு கோப்புகளையும் ஒப்பிடுங்கள். வேறுபட்டால் கிளிப் சரியாகக் கவ்வவில்லை. ஒத்துப்போனால் அந்தப் பழைய நகலைப் பத்திரப்படுத்துங்கள்: கணினியின் வரிசை எண் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கிறது.