பத்து ரூபாய் வில்லையும் ஒரு மழைநீர் வடிகாலும்: தகவல் அறியும் உரிமைச் சேவை பற்றிய மதிப்பீடு

அரசு அலுவலகத்திடம் ஒன்றைக் கேட்க நமக்கு வழிகள் பல உண்டு. திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரிசையில் நின்று மனு கொடுக்கலாம். முதலமைச்சரின் தனிப்பிரிவுக்கு எழுதலாம். எங்கள் தெருவினர் இரண்டையும் செய்து பார்த்தவர்கள். இரண்டிலும் மனு சுற்றிச் சுற்றி, யாரைப் பற்றிக் கேட்டோமோ அதே அலுவலகத்தின் மேசைக்கே வந்து சேர்ந்தது. 'உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்ற ஒரு வரியோடு முடிந்தது. மூன்றாவதாகத்தான் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தோம். இதுவும் காசு கொடுத்துப் பெறும் ஒரு சேவை என்பதால், அதைப் பயன்படுத்தியவன் என்ற முறையில் அதன் தரத்தை இங்கே எழுதுகிறேன்.

கட்டணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வெள்ளைத்தாளில் தமிழிலேயே எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு அந்தப் பத்து ரூபாயும் கிடையாது. நகல் பக்கத்துக்கு இரண்டு ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அலுவலர் கேட்கக் கூடாது என்பதைச் சட்டத்தின் 6(2) பிரிவு தெளிவாகச் சொல்கிறது. முதன்முறை விண்ணப்பிப்பவரின் பாதி அச்சம் இந்த ஒரு வரியைப் படித்ததுமே போய்விடும். 30 நாட்களுக்குள் பதில் வர வேண்டும். ஒருவரின் உயிரையோ சுதந்திரத்தையோ பற்றிய தகவல் என்றால் 48 மணி நேரம்.

எங்கள் கேள்வி சிறியது. தெருவில் கட்டிய மழைநீர் வடிகால் பிள்ளையார் கோயிலுக்குச் சற்று முன்பாகவே நின்றுவிட்டது. மழை பெய்தால் அங்கிருந்து வழியும் நீர் கடைசி நான்கு வீடுகளின் வாசலில் தேங்கும். பணி முடிந்துவிட்டது என்று அலுவலகத்தில் வாய்மொழியாகச் சொன்னார்கள். ஆகவே அந்தப் பணியின் மதிப்பீடு, பணி ஆணை, செய்த பணியின் அளவுகளைப் பொறியாளர் பதியும் அளவுப் புத்தகத்தின் உரிய பக்கங்கள், ஒப்பந்ததாரருக்குத் தொகை வழங்கிய பட்டியல் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் கேட்டேன். 'வடிகாலை ஏன் பாதியில் நிறுத்தினீர்கள்' என்று கேட்கவில்லை. காரணம் கேட்கும் கேள்விகளைத் தகவல் அல்ல என்று ஒதுக்கிவிட இடமுண்டு. பதிவேட்டில் இருக்கும் காகிதத்தை அப்படி எளிதில் ஒதுக்க முடியாது.

முப்பது நாள் கடந்தும் பதில் இல்லை. நேரில் சென்றபோது, 'புக்கு இன்ஜினியர்கிட்ட இருக்குது சார், வந்ததும் அனுப்புறோம்' என்றார் எழுத்தர். பேச்சில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. ஆனால் மேலும் இரண்டு வாரம் அதே நிலைதான். சட்டப்படி அடுத்த படி, அதே அலுவலகத்தின் மூத்த அதிகாரியிடம் முதல் மேல்முறையீடு செய்வது. அதை எழுதும்போது கடைசிப் பத்தியில் இரண்டே வாக்கியங்கள் சேர்த்தேன்: இங்கும் பதில் கிடைக்காவிட்டால் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு செய்வேன், 20-ஆம் பிரிவின்படி நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் தண்டம் விதிக்குமாறு வேண்டுவேன். பதினோராம் நாள் நகல்கள் வந்தன. கெடு தாண்டிவிட்டதால் 7(6) பிரிவின்படி நகல் கட்டணமும் வாங்கவில்லை.

அன்று மாலை பக்கத்து வீட்டுக் கொத்தனார் அண்ணனும் நானும் அளவு நாடாவோடு தெருவில் இறங்கினோம். அளவுப் புத்தகத்தின் நகலில் நீளம், அகலம், ஆழம் என்று கட்டம் கட்டமாக எழுதி, ஓரத்தில் பொறியாளரின் சுருக்கொப்பம் இருந்தது. நீளத்துக்கு நேரே 96 மீட்டர். தரையில் அளந்தால் 83. அண்ணன் நம்பாமல் மறுமுனையிலிருந்து திரும்ப அளந்தார், அப்போதும் 83தான். பதின்மூன்று மீட்டர் என்பது அந்த நான்கு வீடுகளின் வாசல் நீளம். இந்தக் காகிதத்தின் நகலை இணைத்து எழுதிய கடிதத்துக்குப் பிறகு, இரண்டு மாதத்தில் மீதி வடிகாலும் கட்டப்பட்டது. அது வெறும் கவனக்குறைவா, வேறு ஏதேனுமா என்பதை நான் தீர்மானிக்கவில்லை. தண்ணீர் இப்போது தேங்குவதில்லை.

இந்தச் சேவையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை நான் உணர்ந்தது இங்கேதான். பத்து ரூபாய் வில்லையாலோ, என் எழுத்தாலோ அந்தப் பலன் கிடைக்கவில்லை. அந்த அலுவலகத்தின் கட்டளை வரிசைக்கு வெளியே ஓர் ஆணையம் இருப்பதும், அது சம்மன் அனுப்பி விசாரிக்க முடிவதும், மறுத்தது சரியே என்று மெய்ப்பிக்கும் பொறுப்பு 19(5) பிரிவின்படி அலுவலர் தலைமேல் விழுவதும், அதிகபட்சம் 25,000 ரூபாய் வரை தண்டம் அவர் கையிலிருந்தே போவதும்தான் அந்தப் பதினோரு நாளில் வேலை செய்தன. நான் ஆணையத்தின் படியை மிதிக்கவே இல்லை. அப்படி ஒன்று இருக்கிறது என்பதே போதுமானதாக இருந்தது.

ஆகவே இந்தச் சேவையை மதிப்பிடுகிறவர் ஆணையத்தின் சுதந்திரத்தையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும். என் மனக்குறை முழுவதும் அதில்தான். சட்டம் வந்தபோது தகவல் ஆணையர்களின் பதவிக்காலம் ஐந்து ஆண்டு, அல்லது 65 வயது வரை என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருந்தது. தலைமைத் தகவல் ஆணையரின் ஊதியம் தலைமைத் தேர்தல் ஆணையருக்கு இணையாக வைக்கப்பட்டிருந்தது. அரசு நினைத்தால் நீட்டவோ சுருக்கவோ முடியாத அந்த உறுதிதான் அவரை அரசுக்கு எதிராகவும் உத்தரவிட வைக்கும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் பதவிக்காலத்தையும் ஊதியத்தையும் மத்திய அரசு விதிகளால் நிர்ணயிக்கலாம் என்று மாற்றியது. விதிகள் பதவிக்காலத்தை மூன்று ஆண்டாக்கின. மாநில ஆணையர்களுக்கும் இதே நிலைதான். யாரைக் கண்காணிக்க வேண்டுமோ அவர்களிடமே தன் பதவிக்காலத்தையும் சம்பளத்தையும் ஒப்படைத்துவிட்டு நிற்கும் ஒருவரிடம் நாம் எந்த அளவுக்குத் துணிவை எதிர்பார்க்க முடியும்?

காலியிடங்கள் இதைவிடப் பெரிய காயம். ஜார்க்கண்ட் மாநிலத் தகவல் ஆணையம் 2020 மே மாதம் முதல் ஆணையர்களே இல்லாமல் ஆண்டுக்கணக்கில் முடங்கிக் கிடந்தது. அங்கே என்னைப் போல் ஒருவர் மேல்முறையீட்டில் ஆணையத்தின் பெயரை எழுதியிருந்தால், படித்த அதிகாரிக்கு அஞ்ச வேண்டிய அவசியமே இருந்திருக்காது. காலியிடங்களை உரிய காலத்தில் நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பிலும் சொன்னது. 2023 அக்டோபரில், இப்படியே விட்டால் சட்டம் செத்த எழுத்தாகிவிடும் என்றும் எச்சரித்தது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தனிநபர் தகவலை மறுக்க அனுமதிக்கும் 8(1)(ஜே) பிரிவு முன்பு, பொதுப்பணியோடு தொடர்பில்லாத, அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையின்றித் தலையிடும் தனிநபர் தகவலுக்கு மட்டுமே விலக்கு அளித்தது. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் திருத்தம் அந்த வரையறையை நீக்கி, தனிநபர் தகவல் என்றாலே விலக்கு என்று மாற்றியது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்னும் 8(2) பிரிவு மிஞ்சியிருக்கிறது என்பது உண்மை. ஆனால் இந்தச் சட்டம் எங்கிருந்து பிறந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கட்டன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில், கூலி வாங்கியவர்களின் வருகைப் பதிவேட்டை ஊர் நடுவே பெயர் பெயராக வாசித்தார்கள். வேலைக்கே போகாதவர்களின் பெயரில் கூலி எழுதப்பட்டிருந்தது அப்படித்தான் வெளிப்பட்டது. 1996-இல் பியாவர் நகரில் நாற்பது நாள் தர்ணா இருந்தது இந்தப் பதிவேடுகளின் நகலுக்காக. பெயர் இல்லாத பதிவேட்டை வைத்துக்கொண்டு எந்தக் கூலியாளும் தன் கூலியைத் தேட முடியாது. என் அளவுப் புத்தகத்திலும் ஒப்பந்ததாரரின் பெயரும் பொறியாளரின் ஒப்பமும் இருந்தன. நாளை அவற்றைக் கறுப்பு மையால் மறைத்துத் தருவார்களோ என்ற கவலை எனக்கு இருக்கிறது.

குறைகள் இத்தனை இருந்தும், தயங்காமல் பயன்படுத்துங்கள் என்றே என் தெருவினரிடம் சொல்கிறேன். விண்ணப்பத்தின் நகலையும் அஞ்சல் ஒப்புகையையும் ஒரு கோப்பில் வையுங்கள். முப்பதாம் நாளை நாட்காட்டியில் வட்டமிடுங்கள். அதற்குப் பின் முதல் மேல்முறையீட்டுக்கு 30 நாள், ஆணையத்துக்குச் செல்ல 90 நாள் என்ற கெடுக்களைத் தவற விடாதீர்கள். ஒரு விண்ணப்பத்தில் ஒரே பொருளைக் கேளுங்கள். நகலுக்குப் பதில் கோப்பை நேரில் பார்க்கவும், நடக்கும் பணியைப் பார்வையிடவும், பயன்படுத்தும் பொருளின் மாதிரியைச் சான்றோடு பெறவும் 2-ஆம் பிரிவிலேயே உரிமை இருக்கிறது. பலருக்கு இது தெரிவதில்லை. எங்கள் ஊர்த் தொடக்கப் பள்ளியில் இப்போது சுற்றுச்சுவர் எழும்பிக்கொண்டிருக்கிறது. அதன் சிமென்ட் கலவையில் மாதிரி கேட்டு, கொத்தனார் அண்ணன் தன் பெயரிலேயே விண்ணப்பம் எழுதியிருக்கிறார். வில்லை ஒட்டி நாளைக் காலை அனுப்புகிறோம்.